காமாக் கதிர் ஆய்வில் பிஎச்.டி.: ஒரு தந்தைக்குப் பதில்

ஐயா, உங்கள் மகள் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்ததும், கன அணுக்கருக்களின் கிளர்வு நிலைகளை (கூடுதல் ஆற்றலோடு இருக்கும் நிலைகளை) அவை வெளிவிடும் காமாக் கதிர் மூலம் ஆராயும் பிஎச்.டி.க்குப் போக ஆசைப்படுகிறாள். கதிர்வீச்சு என்றதும் உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. அந்தப் பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். அணுக்கருக்களை வேகப்படுத்தும் முடுக்கியில் துகள் கற்றை ஓடும்போது ஆய்வுக்கூடத்துக்குள் யாரும் போக முடியாது. மாணவர்கள் வெளியே கட்டுப்பாட்டு அறையில் கணினி முன் உட்கார்ந்திருப்பார்கள். உடம்பில் படும் கதிர்வீச்சைப் பதிவு செய்ய டிஎல்டி பேட்ஜ் உண்டு. இரவு ஷிஃப்ட்தான் அவளைக் களைப்பாக்கும்.

அவளை ஈர்த்தது என்ன என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். 1986இல் இங்கிலாந்தின் டேர்ஸ்பரி ஆய்வகத்தில் கால்சியம்-48 அணுக்கருக்களைப் பல்லேடியம்-108 மீது மோதவிட்டார்கள். இரண்டும் இணைந்து நான்கு நியூட்ரான்களை உதறியபின் எஞ்சியது வெகு வேகமாகச் சுழலும் டிஸ்ப்ரோசியம்-152. அது ஆற்றலைப் படிப்படியாக இழக்கையில் வந்த காமாக் கதிர்களின் நிறமாலையில் (ஆற்றல்வாரியாகப் பிரித்துக் காட்டும் வரைபடத்தில்) 19 கோடுகள், ஏறத்தாழ 47 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் (ஆற்றலின் அலகு) சம இடைவெளியில், வரிசையாக நின்றன. சுழலும் அணுக்கருவின் வடிவத்தைப் பொறுத்தே இந்த இடைவெளி அமையும். அந்த வரிசையிலிருந்துதான் அணுக்கரு நீளம் அகலத்தைப்போல் இரு மடங்காக நீண்டிருப்பதைக் கண்டுகொண்டார்கள். கண்ணால் காண முடியாத ஒன்றின் வடிவத்தைக் கோடுகளின் இடைவெளி சொல்லிவிட்டது! இதில் மனம் போன பெண்ணைத் தடுக்க எனக்கு மனமில்லை.

ஆனால் சேருமுன் கேட்க வேண்டியதைக் கேட்டாக வேண்டும். நம் நாட்டில் இதற்கான 'இங்கா' என்னும் உணர்கருவித் தொகுதி டெல்லி ஐயுஏசி, மும்பை டிஐஎஃப்ஆர், கொல்கத்தா விஇசிசி ஆகிய ஆய்வு நிறுவனங்களில் மாறி மாறி இயங்குவது. வழிகாட்டிப் பேராசிரியரின் மாணவர்களுக்கு அங்கே பீம் டைம் (முடுக்கியில் சோதனை நடத்த ஒதுக்கப்படும் நேரம்) கிடைக்கிறதா, அண்மையில் முடித்தவர்கள் எத்தனை ஆண்டு எடுத்தார்கள் என்று அவருடைய பழைய மாணவர்களிடமே விசாரிக்கச் சொல்லுங்கள். ஆய்வகத்தின் பெயரைவிட இதற்கே நான் அதிக மதிப்பெண் போடுவேன். உதவித்தொகை இல்லாமல் சேர வேண்டாம். நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) பெற்றால் முதல் இரண்டு ஆண்டு மாதம் ரூ.37,000, பிறகு ரூ.42,000, வீட்டு வாடகைப்படி தனி.

வேலை? நிரந்தர ஆராய்ச்சிப் பணியிடங்கள் குறைவு, அதை மறைக்க மாட்டேன். பலர் வெளிநாட்டில் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி) செய்துவிட்டுத்தான் இடம் பிடிக்கிறார்கள். அதேசமயம் ஜெர்மானியம் உணர்கருவி, மின்னணுச் சுற்று, சி++, பெரிய தரவுத் தொகுப்புகள் என்று கை பழகியவளுக்குக் கதிரியக்க அளவீடும் தரவுப் பகுப்பாய்வும் திறந்தே இருக்கின்றன. மருத்துவமனையில் மருத்துவ இயற்பியலாளர் ஆக வேண்டுமானால் தனிப் படிப்பு வேண்டும். பிஎச்.டி. மட்டும் போதாது.

கடைசிப் பருவப் புராஜெக்டை இத்துறையிலேயே எடுக்கச் சொல்லுங்கள். யூரோப்பியம்-152 என்னும் கதிரியக்க மூலத்தை வைத்து உணர்கருவியின் ஆற்றல் அளவைத் திருத்துவது, நிறமாலையில் உச்சிகளைப் பொருத்துவது என்று மணிக்கணக்கில் பொறுமை கேட்கும் வேலை அது. அதைச் செய்த பிறகும் ஆசை குறையாவிட்டால் விண்ணப்பிக்கட்டும்.