மகளின் வகுப்பை வைத்துப் பயண நாளைக் குறியுங்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். வரும் ஜனவரியில், நிறுவனத்துக்குள்ளேயே இடமாற்றம் பெறுபவருக்கான எல்-1 விசாவில் டெக்சாஸ் மாநிலத்துக்கு, டாலஸ் நகருக்கு வடக்கே உள்ள பிளேனோ, ஃபிரிஸ்கோ பகுதிக்குச் சென்று பணியில் சேருமாறு நிறுவனம் கேட்டிருப்பதாகவும், கோவையில் மெட்ரிக் பள்ளியில் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளையும் இரண்டாம் வகுப்பில் இருக்கும் மகனையும் கையோடு அழைத்துச் செல்வதா வேண்டாமா என்று வீட்டில் முடிவுக்கு வர இயலவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். வாடகை, கார், மருத்துவக் காப்பீடு என்று தாங்கள் கேட்டிருப்பவற்றுள் பெரும்பாலானவை பணமும் சற்றுப் பொறுமையும் இருந்தால் தாமாகவே சரியாகிவிடும். மகளின் படிப்புக் கணக்கு அப்படியன்று. தவறான மாதத்தில் சென்று இறங்கினால் அதன் விளைவு கல்லூரிச் சேர்க்கை வரை தொடரும். ஆகவே என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஜனவரியில் தாங்கள் மட்டும் செல்லுங்கள், துணைவியாரும் பிள்ளைகளும் ஜூன் மாதத்தில் வந்து சேரட்டும்.

இதற்குக் காரணங்கள் உண்டு. டெக்சாஸில் பள்ளி ஆண்டு ஆகஸ்ட் நடுவில் தொடங்கி மே மாத இறுதியில் முடிகிறது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரையான உயர்நிலைப் பள்ளியில், படித்து முடித்ததற்கான கணக்கு அலகாக ஒவ்வொரு பாடத்துக்கும் பருவத்துக்கு அரை கிரெடிட் வீதம் வழங்குகிறார்கள். ஜனவரியில் சேரும் பெண், முதல் பருவத்தில் என்ன நடந்தது என்று அறியாத வகுப்புகளில், பள்ளி ஆண்டின் நடுவே போய் அமர வேண்டியிருக்கும். மறுபுறம், இன்னும் சில மாதங்களில் எழுதவிருக்கும் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வை அவர் கைவிட நேரும். அமெரிக்கா சென்ற பிறகு அந்த மதிப்பெண் சான்றிதழ் எதற்கு என்று தாங்கள் நினைக்கலாம். சிறப்பறிவுப் பணியாளருக்கான எல்-1பி விசாவின் உச்ச வரம்பு 5 ஆண்டுகள், மேலாளருக்கான எல்-1ஏ விசாவுக்கு 7 ஆண்டுகள். திட்டம் பாதியில் நின்றால் இரண்டே ஆண்டுகளில் திரும்ப வேண்டிய நிலையும் வரலாம். அப்போது பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கையில் இருக்கும் மாணவிக்கு இங்கே மேல்நிலை வகுப்பில் இடம் கேட்பது எளிது. அது இல்லாதவர் ஒவ்வொரு வாசலிலும் விளக்கம் சொல்ல வேண்டும். அங்கேயே பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு இந்தியக் கல்லூரியில் சேர விரும்பினாலும், இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்திடம் இணைச் சான்று பெற வேண்டும். அதற்கும் முந்தைய ஆவணங்கள் ஒழுங்காக இருப்பது நல்லது.

அடுத்து, மதிப்பெண். பெரும்பாலான பெற்றோர் இதைக் கவனிப்பதில்லை. தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் 35 பெற்றால் தேர்ச்சி; டெக்சாஸ் பள்ளிகளில் தேர்ச்சி 70. நம் ஊரில் 75 வாங்கிய பிள்ளையைப் பாராட்டுகிறோம். அங்கே அதே எண் சுமாரான தரத்தைக் குறிக்கும், 65 என்றால் தோல்வி. மதிப்பெண் பட்டியலைப் படிக்கும் அமெரிக்க அலுவலருக்கு இந்த வேறுபாட்டை யாராவது எழுத்தில் சொல்லியாக வேண்டும். ஒன்பது, பத்தாம் வகுப்புகளின் மதிப்பெண்கள், அவற்றின் அளவுகோல், தேர்ச்சி எல்லை, ஒவ்வொரு பாடத்துக்கும் வாரத்தில் எத்தனை மணி நேரம் வகுப்பு நடந்தது என்ற விவரம் ஆகியவற்றை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, பள்ளி முத்திரையோடு தலைமையாசிரியரிடம் கையொப்பம் பெறுங்கள். இரண்டு பிரதிகளை உறையிலிட்டு ஒட்டி வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டு மதிப்பெண்களைச் சில பள்ளி மாவட்டங்கள் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்) தேர்ச்சி என்று மட்டும் பதிவு செய்கின்றன, சில எண்ணாகவே மாற்றுகின்றன. எந்த மாவட்டம் எப்படிச் செய்கிறது என்று மின்னஞ்சலில் முன்கூட்டியே கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

கணக்குப் பாடத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே அல்ஜீப்ரா ஒன்று, ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா இரண்டு, ப்ரீ-கால்குலஸ், கால்குலஸ் என்று ஆண்டுக்கு ஒன்றாகப் பிரித்து நடத்துகிறார்கள். நம் பாடநூலில் இயற்கணிதம், வடிவியல், ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல் எல்லாம் ஒரே ஆண்டில் கலந்து வருகின்றன. சான்றிதழிலோ ‘கணிதம்’ என்ற ஒரே சொல்தான் இருக்கும். அதை மட்டும் பார்த்து, மகளை மறுபடியும் தொடக்கத்திலிருந்து அமர்த்தினால், பன்னிரண்டாம் வகுப்புக்குள் கால்குலஸை எட்டுவது கடினம். பொறியியல் பக்கம் போக நினைப்பவருக்கு அது நட்டம். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பாடநூல்களின் பொருளடக்கப் பக்கங்களை உடன் கொண்டு செல்லுங்கள். அப்படியும் ஒப்புக்கொள்ளாவிட்டால், ஏற்கெனவே படித்த பாடத்துக்குத் தேர்வெழுதி 70 எடுத்து கிரெடிட் பெறும் வழி டெக்சாஸில் இருக்கிறது, அதைக் கேளுங்கள். பள்ளிப் படிப்பை முடித்ததற்கான பட்டயத்துக்கு வேண்டிய 22 கிரெடிட்டுகளில், சிறப்புப் பிரிவோடு சேர்த்தால் 26-இல், இரண்டு வேற்றுமொழிக்கு உரியவை என்பதால், பட்டியலில் தமிழும் தனிப் பாடமாகத் தெளிவாக இடம்பெறட்டும். அதை மொழிக் கிரெடிட்டாக ஏற்குமாறு கேட்க அதுவே ஆதாரம்.

பத்தாம் வகுப்பை முடித்துவிட்டுச் செல்பவரைப் பதினொன்றில் சேர்ப்பதா, மீண்டும் பத்தில் சேர்ப்பதா என்ற கேள்வி ஆகஸ்டில் எழும். கிரெடிட்டுகளை எண்ணிப் பார்த்துப் பள்ளி பதினொன்று என்று சொல்லக்கூடும். மகளின் வயது இடம் கொடுத்தால், பத்தாம் வகுப்பைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதே என் எண்ணம். ஓர் ஆண்டு வீணாகிறதே என்று உறவினர் சொல்வார்கள். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அமெரிக்கக் கல்லூரிகளுக்கான விண்ணப்பம் பன்னிரண்டாம் வகுப்பின் முதல் பருவத்திலேயே போய்விடும். பரிந்துரைக் கடிதங்களைப் பதினொன்றாம் வகுப்பு ஆசிரியர்களிடம்தான் பெரும்பாலும் கேட்பார்கள். பதினொன்றில் நுழைபவருக்கு ஊர், பேச்சு, பாடமுறை எல்லாம் பழகும் அதே ஆண்டுதான் கல்லூரி உற்றுப் பார்க்கும் ஆண்டாகவும் அமைந்துவிடுகிறது. பள்ளி மறுத்தால் வாதாட வேண்டாம். பதினொன்றிலேயே சேர்த்து, முதல் பருவத்தில் ஏ.பி. எனப்படும் கல்லூரித் தரத்திலான பாடங்களை ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

வீடு தேடும்போது இணையத் தரப்பட்டியலில் பத்துக்குப் பத்து மதிப்பெண் வாங்கிய பள்ளி எது என்பதையே எல்லோரும் பார்க்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. 1997-இல் டெக்சாஸ் இயற்றிய சட்டப்படி, அம்மாநில உயர்நிலைப் பள்ளியில் தரவரிசையின் முதல் 10 விழுக்காட்டுக்குள் வருபவருக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம் கிடைக்கிறது. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் 2026 சேர்க்கையிலிருந்து அந்த வரம்பு 5 விழுக்காடு. அங்கும் இடம் உறுதியே தவிர, கணினி அறிவியல் போன்ற விரும்பிய துறை உறுதியில்லை. புகழ்பெற்ற பள்ளியில் வரிசையின் முன்பகுதி பள்ளி தொடங்கிய நாள் முதல் தரவரிசைக் கணக்கில் கூடுதல் எடையுள்ள பாடங்களைத் திட்டமிட்டு எடுத்தவர்களால் நிரம்பியிருக்கும். இடையில் வந்தவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவர்களை எட்டுவது அரிது. நல்ல ஆசிரியர்களும் போதிய ஏ.பி. பாடங்களும் உள்ள, ஆனால் போட்டியின் கடுமை சற்றுக் குறைந்த பள்ளி தங்கள் மகளுக்கு அதிகம் உதவும்.

அரசுப் பள்ளியில் கட்டணம் கிடையாது. எந்தப் பள்ளி என்பதை வீட்டு முகவரிதான் தீர்மானிக்கிறது. அஞ்சல் முகவரியில் ஃபிரிஸ்கோ என்று இருப்பதாலேயே அது ஃபிரிஸ்கோ பள்ளி மாவட்டம் ஆகிவிடாது. அவ்வூரின் சில பகுதிகள் லூயிஸ்வில், பிராஸ்பர், லிட்டில் எல்ம் மாவட்டங்களைச் சேர்ந்தவை, பிளேனோவின் ஒரு பகுதியோ ஃபிரிஸ்கோ மாவட்டத்தில் இருக்கிறது. தரகர் சொல்லை நம்பாமல், கதவிலக்கத்தோடு மாவட்டத்தின் இணையதளத்தில் தட்டிப் பார்த்த பிறகே ஒப்பந்தத்தில் கையொப்பமிடுங்கள். பள்ளி அமைப்பும் ஊருக்கு ஊர் வேறு. ஃபிரிஸ்கோவில் நடுத்தர அளவிலான உயர்நிலைப் பள்ளிகள் பல உண்டு; ஆலன் ஊருக்கு மிகப் பெரிய ஒரே உயர்நிலைப் பள்ளி; பிளேனோவில் ஒன்பதும் பத்தும் ஒரு பள்ளியிலும், பதினொன்றும் பன்னிரண்டும் சீனியர் ஹை எனப்படும் வேறு பள்ளியிலும் நடக்கின்றன. மகளைப் பதினொன்றில்தான் சேர்ப்பார்கள் என்று உறுதியானால் நான் பிளேனோவைப் பரிந்துரைப்பேன். அங்கே அந்த ஆகஸ்டில் எல்லா மாணவர்களுமே புதிய கட்டடத்துக்கு வருபவர்கள் என்பதால், புதிதாக வந்தவள் என்று அவளை மட்டும் யாரும் தனித்துப் பார்க்கப்போவதில்லை. ஜனவரி முதல் ஜூன் வரை தாங்கள் தனியாக இருக்கும் காலத்தில் இந்த ஊர்களை நேரில் சுற்றிப் பார்த்துவிடலாம். முதல் ஆண்டு வாடகை வீடே போதும். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை என்றாலும் சொத்து வரி கணிசமானது.

மகனைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. வீட்டில் பேசும் மொழி எது என்று பள்ளி ஒரு படிவத்தில் கேட்கும். தமிழ் என்று உண்மையை எழுதினால் ஆங்கிலத் திறனைச் சோதிப்பார்கள், தேவையானால் கூடுதல் பயிற்சி தருவார்கள். அதைத் தவிர்ப்பதற்காக ஆங்கிலம் என்று எழுதும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். குழந்தைக்குக் கிடைக்கவேண்டிய உதவியைத் தாங்களே தடுத்துவிடுகிறார்கள்.

தடுப்பூசி அட்டையை மட்டும் இப்போதே எடுத்துப் பாருங்கள். நம் அரசுத் திட்டத்தில் போடப்படுவது தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்குமான ஊசி. டெக்சாஸ் பள்ளிகள் புட்டாலம்மையும் சேர்ந்த எம்.எம்.ஆர். இரண்டு தவணை கேட்கின்றன. சின்னம்மை, ஹெபடைடிஸ் ஏ ஊசிகளும் நம் அரசு அட்டவணையில் இல்லாதவை, அங்கே தேவைப்படுபவை. தவணைகளுக்கு இடையே இடைவெளி வேண்டும் என்பதால், பொங்கலுக்கு முன்பே குழந்தை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். இங்கே செலவும் குறைவு. அட்டையைப் புதிதாக எழுதி வாங்கும்போது மாதத்தை எழுத்தில் போடச் சொல்லுங்கள். 05/08 என்பதை நாம் ஆகஸ்ட் 5 என்று படிப்போம், அவர்கள் மே 8 என்று படிப்பார்கள்.

துணைவியார் கல்லூரியில் வணிகவியல் கற்பிக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். எல்-1 பணியாளரின் வாழ்க்கைத்துணைக்கு 2021 நவம்பர் முதல் தனி அனுமதி அட்டை இல்லாமலே வேலை செய்யும் உரிமை உண்டு. நாட்டுக்குள் நுழைந்ததற்கான ஐ-94 பதிவில், வாழ்க்கைத்துணையைக் குறிக்கும் எல்-2எஸ் என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று இறங்கியதும் சரிபார்த்துக்கொண்டால் போதும். எச்-1பி குடும்பங்களில் துணைவருக்கு இது எளிதில் கிடைப்பதில்லை. பின்னாளில் விசா வகையை மாற்றும் யோசனை வந்தால் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருடைய பட்டங்களை மதிப்பீடு செய்து வாங்குவதற்கு அடுத்து அவசரமானது கார் ஓட்டக் கற்பது. ஃபிரிஸ்கோ, ஆலன், மெக்கின்னி ஆகியவை டாலஸின் பொதுப் போக்குவரத்து அமைப்பான டார்ட்டில் சேராத ஊர்கள். வண்டி ஓட்டத் தெரியாதவர் படித்தவராக இருந்தாலும் வீட்டுக்குள் முடங்க நேரும். புதிதாகக் குடியேறுபவர் செல்லுபடியாகும் வெளிநாட்டு உரிமத்தோடு 90 நாள் ஓட்டலாம் என்பதால், ஜூனுக்குள் கோவையிலேயே உரிமம் எடுத்துவிடட்டும். பிளேனோ, ஃபிரிஸ்கோ, மெக்கின்னி ஊர்களில் வளாகங்கள் கொண்ட காலின் கல்லூரியில், குறைந்த கட்டணத்தில், அந்நாட்டுக் கணக்கியல் பாடங்கள் இரண்டொன்றைப் படிப்பது அவருக்கு வேலைக்கான வழியைத் திறக்கும்.

இன்னொன்றையும் இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எல்-1 பணியாளரின் பிள்ளை என்ற முறையில் மகளுக்குக் கிடைக்கும் எல்-2 தகுதி 21 வயதில் முடிந்துவிடும். அதற்குள் நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டு கிடைக்கவில்லையென்றால் மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த வரிசை பத்தாண்டுகளுக்கும் மேல் நீள்வதும் உண்டு. எல்-2 தகுதியில் இருக்கும்வரை அவர் சம்பளத்துக்கு வேலை பார்க்க இயலாது, மத்திய அரசின் கல்வி உதவித்தொகையும் கிடையாது. ஆயினும் பெற்றோர் குறைந்தது 12 மாதங்கள் டெக்சாஸில் நிலையான குடியிருப்பை நிறுவியிருந்தால், அம்மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணத்தை அரசுப் பல்கலைக்கழகத்தில் கோர எல் விசாக் குடும்பங்களுக்கு வழியுண்டு. முதல் நாளிலிருந்தே வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வரித் தாக்கல் நகல்களைச் சேர்த்து வையுங்கள். தாத்தா பாட்டியைப் பார்க்க டிசம்பரில் மாதக்கணக்கில் வந்து தங்கும் திட்டமும் வேண்டாம். வகுப்புகளில் 90 விழுக்காட்டு வருகை இல்லாவிட்டால் டெக்சாஸில் கிரெடிட்டே நின்றுவிடும்.

நிறுவனத்தின் கடிதத்தில் கையொப்பமிடும் முன் மனிதவளத் துறையிடம் இவற்றை எழுத்தில் கேளுங்கள்: விசா எல்-1ஏ-வா, எல்-1பி-யா, கிரீன் கார்டுக்கான விண்ணப்பத்தை எந்த ஆண்டில் தொடங்குவார்கள், குடும்பம் ஐந்து மாதம் தாமதித்து வந்தால் பயணச் செலவையும் முதல் மாதத் தங்குமிடச் செலவையும் ஏற்பார்களா. மூன்றாவது கேள்விக்கு அவர்கள் மறுத்தாலும், மூன்று விமானச் சீட்டுகளைத் தாங்களே வாங்கி ஜூனிலேயே அழைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தங்கள் கல்வி ஆலோசகர்