பள்ளி ஒழுங்கைக் குழாயடியிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: எங்களுடையது எட்டாம் வகுப்பு வரை உள்ள அரசு நடுநிலைப் பள்ளி. 'ஓடாதே, கத்தாதே, குப்பை போடாதே' என்று சுவரில் இருபது விதிகள் எழுதி வைத்திருக்கிறோம். யாரும் மதிப்பதில்லை. ஓர் ஆசிரியர் கண்டிப்பார், இன்னொருவர் கண்டுகொள்ள மாட்டார். பிரம்பும் எடுக்கக் கூடாது. பள்ளி முழுவதற்கும் ஒரே ஒழுங்கை எப்படிக் கொண்டுவருவது? பரிசு கொடுத்துப் பார்க்கலாமா?
- ஒரு தலைமை ஆசிரியை

பதில்: பிரம்புப் பேச்சை முதலிலேயே முடித்துவிடுவோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், அடிப்பதை மட்டுமல்லாமல் மனத்தைப் புண்படுத்தும் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. எல்லார் முன்னாலும் திட்டி அழவைப்பது அடியில் சேராது என்று எண்ணும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி, ஆசிரியருக்கு ஆசிரியர் கண்டிப்பு மாறுகிறது என்பதுதான். எந்த டீச்சர் வராந்தாவில் நின்றால் ஓடலாம், யார் நின்றால் நடக்க வேண்டும் என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கே அத்துப்படி. அதனால் முதல் கூட்டத்தை ஆசிரியர்களோடு மட்டும் போடுங்கள்.

அமெரிக்காவில் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சுகாய், ராப் ஹார்னர் போன்றோர் 1990களில் வளர்த்தெடுத்த முறையில், பள்ளி முழுவதற்குமான எதிர்பார்ப்புகள் மூன்று முதல் ஐந்துக்குள் நின்றுவிடும். உங்களுக்கு மூன்றே போதும்: மரியாதை, பொறுப்பு, பாதுகாப்பு. இவற்றை இப்படியே சுவரில் எழுதினால் பழைய கதைதான். வராந்தா, கழிப்பறை, பிரேயர், சத்துணவு, பள்ளி விடும் நேரம் என்று ஒவ்வோர் இடத்துக்கும் பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்று எல்லாரும் உட்கார்ந்து எழுதுங்கள். 'ஓடாதே' என்ற இடத்தில் 'இடப்பக்கமாக நட' என்று வரட்டும்.

அப்புறம் அதைப் பாடம் போலவே நடத்த வேண்டும், அந்தந்த இடத்தில் வைத்து. சாப்பிட்ட பிறகு தட்டு கழுவும் குழாயடியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பையன்கள் நடுவில் நுழைவார்கள், சின்னதுகள் மீது தண்ணீர் தெறிக்கும், மிச்சச் சோறு வடிகாலை அடைக்கும். ஒவ்வொரு வகுப்பாக அங்கே கூட்டிப்போய், மிச்சத்தை வாளியில் தட்டுவது, வரிசையில் நிற்பது, கழுவியதும் குழாயை மூடுவது, ஓரமாக நடந்து வெளியே வருவது என்று வரிசையாகச் செய்யவையுங்கள். தப்பு எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டுமானால் ஆசிரியரே செய்து காட்டட்டும். பிள்ளைகளைச் செய்யச் சொன்னால் தப்புக்கே பயிற்சி கொடுத்ததாகிவிடும். போதாக்குறைக்கு அதுதான் அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஒன்று, அதற்கு முன்னால் குழாயைப் பாருங்கள். ஆறில் இரண்டில்தான் தண்ணீர் வருகிறது என்றால் எந்த விதியும் எடுபடாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் சொல்லிப் பழுது பாருங்கள். அதுவரை வகுப்புகளை ஐந்து நிமிட இடைவெளி விட்டு அனுப்புங்கள். பாதித் தள்ளுமுள்ளு அதிலேயே அடங்கிவிடும்.

மீறினால் என்ன செய்வது என்பதையும் அதே கூட்டத்தில் பேசி முடியுங்கள். வரிசையில் நுழைந்தவனை அங்கே நிற்கும் ஆசிரியர் தணிந்த குரலில் கூப்பிட்டு, சரியாக மறுபடி செய்யவைத்தால் போதும். அடிதடி, திருட்டு, போதைப் பாக்கு போன்றவை உங்களிடம் வரட்டும். வந்ததை இடம், நேரம், நடந்தது என்று ஒரு நோட்டில் குறித்து, மாதம் ஒருமுறை ஆசிரியர்களோடு புரட்டிப் பாருங்கள். ஒரே இடமோ ஒரே நேரமோ திரும்பத் திரும்ப வந்தால், பிள்ளையைப் பிடிக்கும் முன் அந்த இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று கேளுங்கள்.

பரிசுக்கு வருவோம். ஸ்டான்ஃபோர்ட் வளாகத்து மழலையர் பள்ளியில் நடந்து 1973இல் வெளியான ஆய்வில், வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையவைத்த குழந்தைகளுக்குப் பின்னாளில் வரைவதில் இருந்த ஆசை குறைந்தது. எதிர்பாராமல் அதே சான்றிதழ் பெற்றவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. ஆகவே ஸ்டார் ஒட்டுவதாக அறிவித்து ஆசை காட்டாதீர்கள். 'சின்னப் பிள்ளைக்கு முதலில் வழி விட்டாயே, பார்த்தேன்' என்று செய்ததைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். என் அனுபவத்தில் எட்டாம் வகுப்புக்காரர்கள் கூட்டத்தில் பாராட்டினால் நெளிவார்கள். அவர்களிடம் தனியாகச் சொல்லுங்கள்.

காலாண்டு, அரையாண்டு விடுமுறை முடிந்து வந்ததும் முதல் இரண்டு நாள் எல்லாவற்றையும் மறுபடி செய்யவையுங்கள். நடுவில் சேர்ந்த பிள்ளைக்கும், மாறுதலில் வந்த ஆசிரியருக்கும் தனியாக ஒருமுறை.