கீழே போய் விளையாடட்டுமா?

கேள்வி: மகளுக்கு 9 வயது. மும்பை செம்பூரில் ஐந்தாவது மாடியில் இருக்கிறோம். "கீழே போய் விளையாடறேம்மா" என்று தினமும் கெஞ்சுகிறாள். தனியாக அனுப்பப் பயம். 'பந்து விளையாடக் கூடாது' என்று சொசைட்டி போர்டு வேறு. நாங்கள் திருநெல்வேலியில் தெருவிலேயே வளர்ந்தவர்கள். இப்போது அளவுக்கு மீறிப் பயப்படுகிறோமா?
- ஒரு வாசகி, செம்பூர்

பதில்: பயம் நியாயம்தான் அம்மா. ஆனால் எதற்குப் பயப்படுவது என்பதைப் பிரித்துப் பாருங்கள். ஆள் பயத்தைவிட எனக்கு வண்டி பயம்தான் பெரிது.

இங்கிலாந்தில் மேயர் ஹில்மன் என்ற ஆய்வாளரின் குழுவினர் கணக்கெடுத்தார்கள். 1971-இல் 7, 8 வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990-இல் அது 9 சதவீதம். அந்த இடைவெளியில் சாலை விபத்தில் இறந்த குழந்தைகள் பாதிக்கும் கீழே குறைந்தார்கள். சாலை பத்திரமாகிவிட்டதென்று சந்தோஷப்பட முடியாது, பிள்ளைகளைத் தெருவிலிருந்து எடுத்துவிட்டதால் குறைந்தது என்றார் ஹில்மன். மும்பையிலும் அதுதான் நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் காம்பவுண்டைப் போய்ப் பாருங்கள். ஒவ்வொரு காருக்கும் நம்பர் எழுதிய இடம் இருக்கும். பிள்ளைகளுக்கு ஓர் அடிகூட இருக்காது. பெரிய வண்டி ரிவர்ஸ் வரும்போது, பின்னால் குனிந்து பந்து பொறுக்கும் பிள்ளை ஓட்டுபவர் கண்ணில் படவே படாது. டைமண்ட் கார்டன் பக்கத்தில்தானே என்பார்கள். நடுவில் ரோடு இருந்தால், அப்பாவோ அம்மாவோ ஓய்வாக இருக்கும் நாளில்தான் அந்தத் தோட்டம் அவளுக்கு.

அதனால் அவளுக்குத் தைரியம் சொல்வதற்கு முன் மேனேஜிங் கமிட்டியிடம் பேசுங்கள். மாலை 5 முதல் 7 வரை பின்பக்கம் வண்டி நகரக் கூடாது, ஸ்பாஞ்ச் பந்துக்குத் தடையில்லை, இவ்வளவு போதும். மழைக்காலத்தில் ஸ்டில்ட் பார்க்கிங்கில், அதாவது கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் இடத்தில், ஒரு மூலை கேளுங்கள், நனையாத இடம் அது ஒன்றுதான். நீங்கள் மட்டும் போகாதீர்கள். நாலு வீட்டு அம்மாக்களாகப் போங்கள். அந்த நாலு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் இறங்கினால் பாதிப் பயம் போய்விடும். முதல் சில நாள் கேட் பக்கம் உட்காருங்கள். அப்புறம் மாடிக்கு வந்துவிடுங்கள். கேட்டைத் தாண்டக் கூடாது என்ற ஒரே சட்டம் போதும்.

இன்னொன்று. நான் சயானில் டிரில் மாஸ்டராக இருந்தவன். ஐந்தாம் வகுப்பில் மைதானத்துக்கு முதலில் ஓடிவரும் பெண்கள், ஏழாம் வகுப்பில் படிக்கட்டில் உட்கார்ந்து தோழிகளின் பைகளுக்குக் காவல் இருப்பார்கள். பையன்களுக்கு இல்லாத தடை அவர்களுக்கு வீட்டிலேயே வந்துவிடுகிறது. உங்கள் மகளுக்கு 9 வயது. தள்ளிப் போடாதீர்கள்.

கேள்வி: பேரனை ஃபுட்பால் கோச்சிங்கில் சேர்த்திருக்கிறோம். அது போதாதா?
- ஒரு தாத்தா, முலுண்ட்

பதில்: உடம்புக்குப் போதும். ஆனால் அங்கே விசில் மாஸ்டர் கையில். கீழே விளையாடும்போது அவுட்டா இல்லையா என்று அவர்களே சண்டை போட்டு அவர்களே தீர்த்துக்கொள்ள வேண்டும். அழுகிற சின்னத் தம்பியை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வதும் அங்கேதான் நடக்கும். வாரத்தில் ஒரு நாள் கோச்சிங்கை விட்டுவிட்டுக் கீழே அனுப்புங்கள், ஐயா.