சுவரில் ஏறிவிட்ட பச்சை மார்பிள்

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் கட்டிய வீட்டின் கூடத்துச் சுவருக்குக் கரும்பச்சை மார்பிள் வாங்கினேன். கடையில் காட்டிய மாதிரித் துண்டு அடர்பச்சை. வந்திறங்கிய கற்களோ வெளிறி, வெள்ளை நரம்போடிக் கிடந்தன. "பாலிஷ் போட்டால் நிறம் ஏறிவிடும்" என்றார் கடைக்காரர். கிரகப்பிரவேசம் நெருங்கிவிட்டதால் எங்கள் கொத்தனாரை வைத்துப் பதித்துவிட்டோம். ஒரே மாதத்தில் பல கற்கள் வளைந்து ஓரம் தூக்கிக்கொண்டன. சம்பந்தி வீட்டார் முன் தலைகுனிவு. கேட்கப் போனால் கடைக்காரர் அவமதிக்கிறார். 4,20,000 ரூபாயில் 90,000 பாக்கி வைத்திருக்கிறேன். கற்களைப் பெயர்த்து அவர் கடை வாசலில் கொட்டிவிட்டு முழுப் பணத்தையும் வாங்க முடியுமா?

பதில்: முழுப் பணம் வராது. சம்பந்தி வீட்டாரின் பேச்சும் கடைக்காரரின் அவமதிப்பும் உங்கள் வழக்கில் எடைபெறாதவை. கல் இறங்கிய நாளுக்கும் முதல் கல் சுவரில் ஏறிய நாளுக்கும் இடையே நீங்கள் எழுத்தில் என்ன ஆட்சேபம் தெரிவித்தீர்கள் என்பதைத்தான் நீதிமன்றம் கேட்கும். மாதிரி காட்டி விற்ற சரக்கு மாதிரியை ஒத்திருக்க வேண்டும் என்று 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், 17ஆம் பிரிவில் சொல்கிறது. ஆனால் வேறுபாட்டைக் கண்ணால் கண்ட பிறகும் கற்களை வெட்டிப் பதித்தது 42ஆம் பிரிவின்படி அவற்றை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். ஏற்றுக்கொண்ட சரக்கைத் திருப்பித் தள்ள முடியாது. 59ஆம் பிரிவின்படி விலைக்குறைப்போ நட்டஈடோ மட்டுமே கேட்கலாம். பாலிஷ் பற்றிய வாக்குறுதி வாட்ஸ்அப்பில் இருந்தால் அந்தக் கைபேசியை மாற்றாமல் வைத்திருங்கள்.

வளைவு விஷயத்தில் உங்கள் நிலை இன்னும் பலவீனமானது. ராஜஸ்தானின் கேசரியாஜிப் பக்கமிருந்து வரும் பச்சைக்கல் கடையில் மார்பிள் என்று விற்கப்பட்டாலும் அது செர்பென்டைன் என்ற வேறு வகைப் பாறை. அதில் பல வகைகள் ஈரம் பட்டால் வளையும் என்பதால், விவரமறிந்தவர்கள் சிமென்ட் பாலில் ஒட்டாமல் எபாக்சிப் பசையில்தான் ஒட்டுவார்கள். உங்கள் கொத்தனார் எதில் ஒட்டினார் என்பதுதான் குறுக்கு விசாரணையின் முதல் கேள்வியாக இருக்கும். சிமென்ட் என்றால், கடைக்காரர் பழி முழுவதையும் நீங்களே அமர்த்திய கொத்தனார் மேல் போட்டுவிடுவார். ஒட்டும் முறையைக் கடைக்காரர் உங்களுக்குச் சொல்லவில்லை என்பது உங்களுக்குச் சாதகமான வாதம்தான், ஆனால் அதை மட்டும் நம்பி நான் வழக்குப் போடமாட்டேன்.

பெயர்த்துக் கொட்டும் எண்ணத்தைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். கோபத்தில் சுவரை உடைத்து, வேறு கல்லும் பதித்து முடித்த பிறகு வழக்குக் காகிதக் கட்டுடன் என்னிடம் வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அவர்களிடம் இருப்பது கைபேசிப் படங்களும், எந்தக் கடையில் வாங்கியது என்று நிரூபிக்க முடியாத உடைசல்களும்தான். நுகர்வோர் ஆணையம் கல்லை ஆய்வகத்துக்கு அனுப்பினாலும், உரிமையியல் நீதிமன்றம் நேரில் பார்த்து அறிக்கை தர வழக்கறிஞர் ஆணையரை அனுப்பினாலும், அவர்கள் பார்க்க வேண்டியது சுவரில் நிற்கும் கல்லும் அதன் முதுகில் ஒட்டியிருக்கும் பசையும். விழுந்துவிடக்கூடிய கல்லை மட்டும் ஒரு பொறியாளர் முன்னிலையில், காணொளி எடுத்துக்கொண்டே கழற்றி, முதுகுப் பசையைச் சுரண்டாமல், எண்ணிட்டு வையுங்கள். மாதிரித் துண்டு உங்களிடம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் 17ஆம் பிரிவும் வெறும் வாய்ப்பேச்சாகிவிடும். கடை வாசலில் கொட்டினால் காவல் நிலையத்தில் முதல் புகார் உங்கள் மேல்தான் வரும்.

ஆகவே சமரசத்துக்குப் போங்கள். 90,000 ரூபாய் உங்கள் கையில் இருப்பதே பெரிய பலம்; அதை வசூலிக்க வழக்குப் போட வேண்டியவர் அவர்தான், அந்த வழக்கிலேயே நீங்கள் விலைக்குறைப்பைக் கோரலாம். ஆனால் பாக்கிக்குப் பின்தேதியிட்ட காசோலை கொடுத்திருந்தால் இந்தக் கணக்கு மாறிவிடும்: அது பணமில்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவராக நிற்பீர்கள், எனவே பேசப் போவதற்கு முன் அதைத் திரும்பப் பெற வழி பாருங்கள். பாக்கியை அவர் விட்டுவிட்டு, வளைந்த கற்களுக்கு மாற்றுக் கல்லும் தந்தால், பதிக்கும் கூலியை நீங்கள் ஏற்றுக்கொண்டாவது முடித்துக்கொள்ளுங்கள். பேசி முடிந்ததை இருவரும் கையெழுத்திட்டு எழுதிக்கொள்ளுங்கள். பேச்சுவார்த்தை இழுத்தடித்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்கான 2 ஆண்டுக் காலவரம்பு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.