இடுப்பெலும்பு முறிவுக்கு வெளியே கம்பி போட்ட பிறகும் உள்ளே ஸ்குரூ வைக்க வேண்டும் என்கிறார்கள். ஏன்?

இடுப்பெலும்பு ஒரு வளையம். அதன் உறுதி பெரும்பாலும் பின்பக்கத்தில், முதுகெலும்பின் அடியிலுள்ள திருவெலும்பைப் பிடித்திருக்கும் தசைநார்களில்தான் இருக்கிறது. வெளிக்கம்பி (எக்ஸ்டர்னல் ஃபிக்ஸேட்டர்) முன்பக்கத்தை நன்றாகப் பிடிக்கும், பின்பக்கத்தை அவ்வளவாகப் பிடிக்காது. விபத்தன்று அதைப் போடுவது, விரிந்த வளையத்தைச் சேர்த்து ரத்தக்கசிவைக் குறைக்கத்தான். அந்த நேரத்தில் உயிரைக் காப்பதே முதல் வேலை.

நோயாளியின் நிலை சீரானதும் நிரந்தரமாகப் பொருத்துவார்கள். முன்பக்க இணைப்பு 2.5 செ.மீ.க்கு மேல் விரிந்திருந்தால் வழக்கமாக அங்கே ப்ளேட் வைப்பார்கள். பின்பக்கத்துக்கு இடுப்பெலும்பின் வழியாகத் திருவெலும்புக்குள் நீளமான ஸ்குரூ செலுத்துவார்கள். பெரிதாகக் கிழிக்காமல், சிறு துளை வழியே, சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே செய்யலாம். ஆனால் பாதை மிகக் குறுகலானது. சற்று விலகினாலும் காலுக்குப் போகும் நரம்பு பாதிக்கப்பட்டு, பாதத்தைத் தூக்க முடியாமல் போகலாம். அதனால்தான் முன்கூட்டியே சி.டி. ஸ்கேன் எடுத்துத் திட்டமிடுகிறார்கள். இதில் அவசரப்படுத்தாதீர்கள்.

திருவெலும்பே உடைந்து முதுகெலும்பும் இடுப்பும் தனித்தனியாகப் பிரிந்திருந்தால், கீழ்முதுகையும் இடுப்பையும் கம்பியால் இணைக்க வேண்டியிருக்கும்.

எந்த முறையானாலும், பாதிக்கப்பட்ட பக்கக் காலில் முழு எடை வைக்கப் பொதுவாக 6 முதல் 12 வாரம் ஆகும். வலி இல்லையே என்று முன்னதாக ஊன்றினால் ஸ்குரூ தளரலாம். எப்போது ஊன்றலாம் என்பதை எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் சொல்லட்டும். படுக்கையில் இருக்கும் நாட்களில் காலில் ரத்தம் உறையாமலிருக்கத் தரும் ஊசியை ஒரு வேளைகூட விடாதீர்கள்.