சக மாணவர்களுக்குக் கணக்கு சொல்லித்தருபவர் பள்ளி ஆசிரியராகச் சரிப்படுவாரா?

கல்லூரியில் கணிதம் படித்துக்கொண்டே கூடப் படிப்பவர்களுக்கும் ஜூனியர்களுக்கும் இரண்டு வருடமாகச் சொல்லித்தருகிறேன், நான் சொன்னால் புரிகிறது என்கிறார்கள், உயர்நிலை வகுப்புக் கணித ஆசிரியராகப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம். ஆனால் 'புரிகிறது என்கிறார்கள்' என்பதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நான் அப்படித்தான் போனேன்.

கல்லூரியில் நம்மைத் தேடி வருபவருக்கு எந்த வரியில் மாட்டிக்கொண்டோம் என்பது ஓரளவு தெரியும், பரீட்சை பயமும் இருக்கும், அந்த ஒரு வரியைத் தள்ளிவிட்டால் மீதியை அவரே ஓட்டிக்கொள்வார். பள்ளியில் யாரும் நம்மைத் தேடி வரவில்லை. மணி அடித்தது, உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

முதல் வருடம் எட்டாம் வகுப்பில் ஒரு பையன். 3x + 5 = 20 என்ற கணக்குக்கு நோட்டில் இப்படி எழுதியிருந்தான்: 3x + 5 = 20 − 5 = 15 ÷ 3 = 5. விடை சரி. 'ஸ்டெப்பை மட்டும் ஒழுங்காப் போடு' என்று டிக் அடித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து 5x + 2 = 3x + 10 கொடுத்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். 'அந்தப் பக்கம் போனா பிளஸ் மைனஸ் ஆகும்' என்று மூன்று தடவை சொன்னேன், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சத்தமாக. கடைசியில் ஏதோ தோன்றி, 8 + 4 = □ + 5, கட்டத்தில் என்ன வரும் என்று கேட்டேன். யோசிக்காமல் 12 என்று எழுதினான்! சமக்குறி என்றால் அவனுக்கு 'இதோ விடை வருது' என்று அர்த்தம், இரண்டு பக்கமும் ஒரே மதிப்பு என்ற எண்ணமே கிடையாது. வலது பக்கம் வெறும் எண்ணாக இருந்தவரை அதை வைத்தே சமாளித்திருக்கிறான், அங்கேயும் x வந்து நின்றதும் வழி தெரியவில்லை. (இது அவன் ஒருவனுடைய கோளாறு இல்லை, பல நாடுகளில் ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிற தவறுதான் என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.)

நான் கல்லூரியில் படித்த கணிதம் எதுவும் அன்றைக்குக் கைகொடுக்கவில்லை. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் லீ ஷுல்மன் 1986-இல் இதைத் தனி அறிவு என்றே பிரித்துக் காட்டினார். பாடம் தெரிவதும் போதாது, வகுப்பை அடக்கி நடத்தத் தெரிவதும் போதாது, இந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே இடறுவார்கள், எதைச் சொன்னால் எடுபடும் என்பதும் தெரிய வேண்டும். சொல்லித்தந்த அனுபவத்தில் உங்களுக்கு இது கொஞ்சம் வந்திருக்கும், ஆனால் உங்கள் வயதுக்காரர்களின் தவறுகளைப் பார்த்து வந்தது அது, 13 வயதின் தவறுகள் வேறு ரகம்.

உங்களுக்கு ஒரு பலம் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருவர் நோட்டைப் பார்த்துப் பழகியிருக்கிறீர்கள், புதிதாக வருகிற பல ஆசிரியர்கள் கரும்பலகையை விட்டு நகரவே மாட்டார்கள். கூடவே ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டியிருக்கும்: எதிரில் இருப்பவர் திணறினால் உடனே எடுத்துக்கொடுப்பது. மேரி பட் ரோ என்பவர் 1970-களில் அறிவியல் வகுப்புகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார், அதை மூன்று நொடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நொடிதானே என்று தோன்றும், 30 பேர் முன்னால் நின்று பாருங்கள், தாங்காது.

பட்டம், பயிற்சிச் சான்றிதழ் எல்லாம் இடத்துக்கு இடம் மாறும், அதை விசாரித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். 12, 13 வயதில், கணக்கு என்றாலே ஓடுகிற பிள்ளை ஒன்றோடு அரை மணி நேரம் உட்காருங்கள். 1¾-ஐ ½-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். திருப்பிப் போட்டுப் பெருக்கி 3½ என்று சொன்னாலும் சொல்லிவிடும். வகுத்த பிறகு எப்படிப் பெரிசாச்சு என்று கேட்டுவிட்டு, நீங்கள் பேசாமல் இருங்கள். 1¾ லிட்டரில் எத்தனை அரை லிட்டர் என்று உங்கள் நாக்கு துறுதுறுக்கும், அதையும் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளை சொல்வதை மட்டும் அப்படியே எழுதி வையுங்கள். அப்போது உங்களுக்கு எரிச்சல் வந்ததா, அடுத்து என்ன சொல்லப்போகிறது என்ற ஆவல் வந்ததா என்று பாருங்கள். எரிச்சல்தான் வந்தது என்றால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, மேல்படிப்பை முடித்துவிட்டு கல்லூரியிலேயே பாடம் நடத்தப் போகலாம்.