நூலாக நீளும் நாற்றுகள்: டொனிக் வேண்டாம், விளக்கை இறக்குங்கள்

கேள்வி: கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறேன். பெப்ரவரி நடுவில் பேஸ்மென்றில் ஒரே தட்டில் தக்காளி, கத்தரி, மிளகாய் விதை போட்டேன். கீழே சூட்டுப் பாய், மூன்று அடி உயரத்தில் '1000 வாட்' எல்.ஈ.டி. விளக்கு. எல்லாம் முளைத்தன. ஆனால் ஒரு மாதமாகியும் தண்டு நூல் மாதிரி நீண்டு சரிந்து விழுகிறது. விளக்கு விற்றவரிடம் கேட்டேன். பசளை காணாது, தான் விற்கும் டொனிக்கை ஊற்றினால் தண்டு தடிக்கும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் கன்றுகளுக்கு வெளிச்சம்தான் காணாது. முளைத்து வரும் கன்றுக்கு வேண்டிய சாப்பாடு விதையிலேயே இருக்கிறது. மூன்றாவது, நாலாவது இலை வரும்வரை பசளை தேவையே இல்லை. இந்த நிலையில் தழைச்சத்தைக் கொட்டினால் தண்டு இன்னும் மெலிந்து நீளும்.

நவராத்திரிக்குக் கும்பத்தைச் சுற்றி நவதானியம் முளைக்க வைப்போமே, அது எப்படி வளரும்? சுவாமி அறை இருட்டில் மஞ்சளாக, ஒரு சாண் உயரத்துக்கு எழும்பி நிற்கும். மண்ணுக்குள் இருக்கிறோம் என்று நினைத்து, வெளிச்சத்தைத் தேடி முளை தன் பலம் முழுவதையும் நீளத்தில் போடுகிறது. உங்கள் தட்டில் நடப்பதும் அதுதான். நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் அறை கன்றுக்கு இருட்டு.

தட்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பாருங்கள். மண்ணிலிருந்து முதல் இரண்டு விதையிலை வரையான தண்டுதான் முக்கியம். நல்ல வெளிச்சத்தில் வளர்ந்த தக்காளியில் அது இரண்டு விரல் அகலம்தான் இருக்கும், அடியில் ஊதா நிறம் கலந்திருக்கும். நாலைந்து விரலுக்கு நீண்டு, வெளிறி, தொட்டால் துவண்டால் அது வெளிச்சம் போதாத கன்று. நீண்ட துண்டு திரும்பக் குறுகாது. எந்தப் போத்தலில் எதை விற்றாலும் குறுகாது.

இனி அந்த '1000 வாட்' கதை. இதைத்தான் நான் வருடாவருடம் சொல்லிக் களைத்துப் போகிறேன். பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் எண் விளக்கு எடுக்கும் மின்சாரம் அல்ல. பழைய காலத்து விளக்கு ஒன்றுக்கு 'சமம்' என்று விற்பவர் தானாகப் போட்டுக்கொள்ளும் எண். நானும் ஒருமுறை அப்படி ஒன்றை வாங்கி மின்மானியில் செருகிப் பார்த்தேன், 98 வாட் காட்டியது. உங்கள் விளக்கின் கறுப்பு மின்பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். வெளியீடு 24 வோல்ட், 4 அம்பியர் என்று இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: 96 வாட். அதுதான் உண்மை. இந்த நாட்டில் பெட்டியில் ஆங்கிலமும் பிரெஞ்சும் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். அதே பெட்டியில் பத்து மடங்கு பொய் எண்ணைப் பெரிதாக அச்சிடுவதை யாரும் தட்டிக் கேட்பதாகத் தெரியவில்லை. ஏமாறுவது எப்போதும் முதல்முறை தோட்டம் போடுபவர்தான். கையோடு சி.எஸ்.ஏ. அல்லது சி.யு.எல். என்ற மின் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஈரத்துக்குப் பக்கத்தில் தொங்கும் சாமான் அது. முத்திரை இல்லாததை வீட்டுக்குள் வைக்காதீர்கள்.

ஊதா வெளிச்சம் தரும் விசேஷ விளக்கெல்லாம் நாற்றுக்குத் தேவையில்லை. வன்பொருள் கடையில் கராஜுக்கு விற்கும் நாலடி வெள்ளை எல்.ஈ.டி. விளக்கு, வெளிச்சத்தின் நிற அளவு 5000 கெல்வின் என்று எழுதியது, இரண்டு வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டால் இரண்டு தட்டுக்குப் போதும். அதைக் கன்றின் நுனியிலிருந்து நாலு முதல் ஆறு அங்குலத்தில் வைத்து, கன்று வளர வளரச் சங்கிலியில் ஏற்றுங்கள். உங்களிடம் இருக்கும் 100 வாட் பலகை விளக்கையும் வீசத் தேவையில்லை. ஒன்றரை அடிக்கு இறக்குங்கள், இரண்டு நாள் கழித்து ஒரு அடிக்கு. மூன்று அடியில் இருந்ததைவிடப் பல மடங்கு வெளிச்சம் கன்றில் விழும். இலை ஓரம் சுருண்டாலோ வெளுத்தாலோ கொஞ்சம் ஏற்றிவிடுங்கள். 16 மணிநேரம் எரியட்டும், 8 மணிநேரம் இருட்டு. இரவு பகலாக எரியவிட்டால் தக்காளி இலை மஞ்சளாகிப் பழுதாகும்.

அடுத்த பிழை சூட்டுப் பாய். முளைக்கத்தான் அந்தச் சூடு. முளைத்த பிறகும் சூடு இருந்து வெளிச்சம் குறைந்தால் கன்று இன்னும் வேகமாக நீளும். நீங்கள் மூன்றையும் ஒரே தட்டில் போட்டதால் வந்த வினை இது. தக்காளி ஒரு கிழமையில் வெளியே வந்துவிடும், மிளகாய் இரண்டு கிழமைகூட எடுக்கும். மிளகாய்க்காகப் பாயை எரியவிட, தக்காளி கொதித்து நீண்டுவிட்டது. தனித்தனித் தட்டில் போடுங்கள். பாதிக்கு மேல் முளைத்தவுடன் பாயையும் மூடியையும் எடுத்துவிடுங்கள். பேஸ்மென்றின் 18, 20 பாகை கன்றுக்கு நல்லது. சின்ன விசிறி ஒன்று இலை அசையும் அளவுக்கு ஓடட்டும். தண்டு தடிக்கும், ஈரத்தில் வரும் நாற்றழுகலும் குறையும்.

சரி, இருக்கிற கன்றுகளை என்ன செய்வது? மிளகாய், கத்தரிக் கன்றுகளை வீசிவிட்டு, அந்த இரண்டையும் இன்றே புதிதாக விதையுங்கள். இப்போது மார்ச் நடு. மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா தின விடுமுறைக்குப் பிறகு வெளியே நட இன்னும் பத்துக் கிழமை இருக்கிறது, இரண்டுக்கும் அது சரியான கணக்கு. பெப்ரவரியில் போட்டது அவசரம். கடைகள் ஜனவரியிலேயே விதைப் பைகளை வாசலில் அடுக்கி வைத்தால் சனம் என்ன செய்யும்!

தக்காளி மட்டும் வேறு. அதன் தண்டில் மண் பட்ட இடமெல்லாம் வேர் விடும். கொஞ்சம் உற்றுப் பார்த்தால் தண்டின் அடியில் சின்னப் பருக்கள் மாதிரித் தெரியும், அவை வேராக வரக் காத்திருப்பவை. ஆகவே உயரமான கிண்ணம் ஒன்றின் அடியில் கொஞ்சம் மண் கலவை போட்டு, கன்றை இலையில் பிடித்து இறக்கி, விதையிலைக்குச் சற்றுக் கீழ் வரை மூடிவிடுங்கள். தண்டில் பிடித்தால் நசுங்கும், நசுங்கினால் செத்தது. கன்று கிண்ணத்தைவிட நீளமாக இருந்தால் சரித்துக் கிடத்தி, நுனி மட்டும் வெளியே தெரிய மூடலாம், தானாக நிமிரும். மேயில் தோட்டத்தில் நடும்போதும் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு இதேபோல ஆழமாக நடலாம். தக்காளிக்குச் சரிவருகிறதே என்று மிளகாயையும் கத்தரியையும் இப்படிப் புதைக்காதீர்கள். அவை தண்டில் இவ்வளவு சுலபமாக வேர் விடுவதில்லை, குளிர்ந்த ஈரக் கலவையில் அழுகிவிடும்.

ஏப்ரலில் சிலர் வீட்டு வாசலில் வைத்து உயரத்துக்கு விலை சொல்லிக் கன்று விற்பார்கள். ஒரு அடி மிளகாய்க் கன்று அரை அடியைவிட இரண்டு டொலர் கூட. அந்த நெட்டைக் கன்று உங்கள் பேஸ்மென்றில் இருப்பதைப் போன்றதுதான். குட்டையாக, கரும்பச்சையாக, இலை நெருங்கி நிற்பதை எடுங்கள்.

புதிய விதையில் முதல் முளை வளைந்து மண்ணைப் பிளக்கும் அன்றே விளக்கு எரிய வேண்டும். காலையில் முளைத்ததை மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால் ஒரே நாளில் மளமளவென்று நீண்டுவிடும். முளைக்கும் கிழமையில் காலையும் மாலையும் பேஸ்மென்றுக்கு இறங்கிப் பாருங்கள்.